கத்துகிற ஜாகாவைக் கட்டிப் போடாதீர்கள்!

தோட்டத்தில் பிறந்து வளர்ந்த பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். 1970-களில் நம் லயங்களுக்குக் கரண்டு வந்த கதையைச் சொல்வார்கள். அந்தி சாயும் நேரத்தில் ஜெனரேட்டர் கொட்டகையிலிருந்து 'தட தட'வென்று சத்தம் கேட்கும். லயம் முழுவதும் மஞ்சள் வெளிச்சம் பரவும். ராத்திரி பத்து மணி வாக்கில் விளக்கு இரண்டு தடவை மினுங்கும். 'நிறுத்தப் போகிறோம், பாயைப் போடுங்கள்' என்று அதற்கு அர்த்தம். பிறகு மண்ணெண்ணெய் விளக்குத்தான். வீட்டுக்கு ஒரு பல்பு, மிஞ்சிப் போனால் இரண்டு. அந்தக் கரண்டை வைத்துக்கொண்டு யாரும் பெரிதாக ஒன்றும் செய்துவிட முடியாது.

இன்று அப்படியா இருக்கிறது? நாள் முழுவதும் கரண்டு. ரைஸ் குக்கர், கேத்தல், ஐஸ் பெட்டி, துணி துவைக்கும் மெஷின், நாலு ஃபேன், டிவி, பிள்ளைகளின் கைப்பேசி சார்ஜர் என்று வீடு நிறைந்துவிட்டது. நல்லதுதான். நம் அம்மாமார்கள் கல்லில் அடித்துத் துவைத்த காலம் போனதில் நமக்கும் சந்தோஷம்தான். ஆனால் ஒன்றை நாம் மறந்துவிட்டோம். வீட்டுக்குள்ளே சாமான்கள் பெருகின அளவுக்கு, சுவரில் தொங்குகிற அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றிய அறிவு நமக்குப் பெருகவில்லை.

எந்தப் பெட்டி என்கிறீர்களா? வாசல் பக்கத்தில், மீட்டருக்கு அருகில், தூசி படிந்து கிடக்கிறதே, பியூஸ் பெட்டி, அதுதான். இந்த வாரம் அதைத் திறந்து பார்ப்போம்.

மழை பெய்தால் கரண்டு போகிறது

போன மழைக்காலத்தில் செம்பனைத் தோட்டம் ஒன்றில் ஒரு வீட்டுக்குப் போயிருந்தோம். பழைய லயம்தான். முன்பக்கம் கல் வீடு, பின்பக்கம் குடும்பத்தார் தாங்களே இழுத்துக் கட்டிய தகரக் குசினி. தேத்தண்ணீர் கொடுத்துவிட்டு அந்த வீட்டு அண்ணன் சொன்னார்:

"அதை ஏன் கேக்குறீங்க சார். மழ பேஞ்சா போதும், பெட்டியில ஒரு சுவிட்ச் டக்குனு விழுந்துரும். தூக்கி விட்டா திரும்பவும் விழும். பிள்ளைங்க படிக்க முடியல, சோறு வடிக்க முடியல. பக்கத்து வீட்டுத் தம்பிக்குக் கொஞ்சம் வயரிங் தெரியும். ஒரு துண்டு வயர் போட்டுக் குடுத்தான். அதுக்கப்புறம் ஒரு தொந்தரவும் இல்ல."

ஒரு தொந்தரவும் இல்லை என்று அவர் சொல்லி முடிக்கவில்லை. அக்கா குசினியிலிருந்து குரல் கொடுத்தார்: "ஏன், போன வாரம் என்னைத் தூக்கி அடிச்சதே, அதைச் சொல்லலியா?"

நடந்தது இதுதான். மழை பெய்துகொண்டிருந்தது. அக்கா வெறுங்காலோடு குசினிப் பின்வாசலில் நின்று பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பும்போது புறங்கை தகரச் சுவரில் பட்டது. அவ்வளவுதான், ஆளைத் தள்ளிவிட்டது. விழுந்தது துணி மூட்டையின் மேல். முழங்கையில் சிராய்ப்போடு போயிற்று.

"சாமிதான் காப்பாத்துச்சு" என்றார் அக்கா. உண்மைதான். புறங்கை பட்டதால் தள்ளிவிட்டது. அதே தகரத்தை உள்ளங்கையால் பிடித்திருந்தால் கை இறுகியிருக்கும். விட முடிந்திருக்காது.

தகரச் சுவருக்குக் கரண்டு எப்படி வந்தது? எல்லோரும் சேர்ந்து தேடிப் பார்த்தோம். முதலில் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டு, பிறகுதான் தேடினோம். துணி துவைக்கும் மெஷினுக்கு வீட்டுக்குள்ளிருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் வயர் போயிருந்தது. அது தகரத்தின் அடியில் நுழைந்து பின்பக்கம் போயிற்று. தகர விளிம்பு கத்தி மாதிரி. காற்றில் ஆடி ஆடி வயரின் தோலை அறுத்துவிட்டது. உள்ளே இருக்கிற செம்புக் கம்பி தகரத்தைத் தொட்டுக்கொண்டிருந்தது.

வெயில் நாளில் ஒன்றும் தெரியாது. தகரம் காய்ந்த பலகையில் அடித்திருக்கிறது, கரண்டு தரைக்கு இறங்க வழியில்லை. மழை பெய்ததும் பலகை நனைகிறது, மண் நனைகிறது. தகரத்திலிருந்து கரண்டு கசிந்து மண்ணுக்குள் இறங்குகிறது. அதைத்தான் பெட்டியில் இருந்த சுவிட்ச் கண்டுபிடித்து, 'டக்'கென்று விழுந்து விழுந்து சொல்லிக்கொண்டிருந்தது: "உங்கள் வீட்டில் கரண்டு ஒழுகுகிறது, தேடிப் பாருங்கள்!"

ராத்திரியில் ஜாகா சத்தம் போடுகிறார். திருடன் வந்திருக்கிறானா என்று பார்க்காமல், தூக்கம் கெடுகிறது என்று ஜாகாவின் வாயைக் கட்டிப் போட்டால் என்ன ஆகும்? அந்த வீட்டில் நடந்தது அதுதான். தம்பி கெட்ட எண்ணத்தோடு செய்யவில்லை. உதவி என்று நினைத்துத்தான் செய்தான். தெரியாமல் செய்த அந்த உதவி ஒரு தாயின் உயிரை வாங்கப் பார்த்தது.

தோழர்களே, அந்தப் பெட்டிக்குள் ஒரு ஜாகா இல்லை. மூன்று ஜாகாக்கள் இருக்கிறார்கள். மூவருக்கும் வேலை வேறு வேறு. ஒருவர் வேலையை இன்னொருவர் செய்யமாட்டார். இதைத் தெரிந்துகொண்டால் போதும், பாதி ஆபத்து போய்விடும்.

முதல் ஜாகா: வயரைக் காப்பவர்

பழைய வீடுகளில் பீங்கான் அல்லது கறுப்பு மூடிக்குள் மெல்லிய கம்பி கட்டிய பியூஸ் இருக்கும். புதிய பெட்டிகளில் வரிசையாகச் சின்னச் சின்ன சுவிட்சுகள் இருக்கும். அவற்றுக்கு எம்.சி.பி. என்று பெயர். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன. வயர் தாங்கக்கூடிய அளவுக்கு மேல் கரண்டு ஓடினால் பியூஸ் கம்பி உருகி அறுந்துவிடும், எம்.சி.பி. தானே கீழே விழும்.

வயரைக் குழாய் என்று நினைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர்க் குழாய் தாங்காவிட்டால் வெடிக்கும். வயர் தாங்காவிட்டால் சூடாகும். தோல் உருகும். கூரைக்குள், பலகைச் சுவருக்குள், நம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் நெருப்பு பிடிக்கும். பலகைத் தடுப்பு உள்ள பழைய லயத்தில் ஒரு வீட்டில் பிடித்த நெருப்பு ஒரு வீட்டோடு நிற்காது. அதனால்தான் விளக்கு வயருக்குச் சின்ன எம்.சி.பி., 6 அல்லது 10 ஆம்ப். பிளக் குத்துகிற சோக்கெட் வயருக்குக் கொஞ்சம் பெரியது, பெரும்பாலும் 20 ஆம்ப். வயரின் பருமனைப் பார்த்துத்தான் இந்த எண்ணை வைக்கிறார்கள்.

இதிலே நம் ஆட்கள் செய்கிற தப்பு என்ன? பியூஸ் போய்விட்டால் கடைக்குப் போக நேரமில்லை என்று செம்புக் கம்பியை மூன்று நாலு இழை முறுக்கிக் கட்டுகிறார்கள். முன்பெல்லாம் சிகரெட் பெட்டி ஈயத்தாளைச் சுருட்டி வைப்பார்கள். ஆணியைக்கூட வைத்த வீடு உண்டு. 5 ஆம்பில் உருக வேண்டிய இடத்தில் ஆணியை வைத்தால், அது உருக நூறு ஆம்புக்கு மேல் வேண்டும். அதற்குள் வயர் எரிந்து, கூரை எரிந்து, வீடே போய்விடும். ஆணி மட்டும் அப்படியே இருக்கும்.

எம்.சி.பி. அடிக்கடி விழுகிறது என்று 20-ஐக் கழற்றிவிட்டு 32-ஐப் போடுவதும் அதே கதைதான். வயர் பழைய வயர்; ஜாகா மட்டும் தூங்குமூஞ்சி ஜாகா.

இன்னொரு கணக்கும் போட்டுப் பார்ப்போம். நம் வீட்டுக்கு வருவது 230 வோல்ட் கரண்டு. சாமானில் எழுதியிருக்கிற வாட்டை 230-ஆல் வகுத்தால் எத்தனை ஆம்ப் என்று தெரிந்துவிடும். 2000 வாட் கேத்தல் ஏறக்குறைய 8.7 ஆம்ப். 1000 வாட் அயர்ன் பெட்டி 4.3 ஆம்ப். 700 வாட் ரைஸ் குக்கர் 3 ஆம்ப். காலையில் பெரட்டுக்குப் போகிற அவசரத்தில் மூன்றையும் ஒரே எக்ஸ்டென்ஷனில் குத்தினால் 16 ஆம்ப். எக்ஸ்டென்ஷன் தாங்குவது அதிகம் போனால் 13 ஆம்ப். மலிவு வயர் அதுகூடத் தாங்காது.

'அதிகமானால் எம்.சி.பி. விழுந்துவிடுமே' என்று நீங்கள் கேட்கலாம். விழாது! பெட்டியில் இருப்பது 20 ஆம்ப். 16 ஆம்ப் அதற்கு ஒரு சுமையே இல்லை. அது சுவருக்குள் இருக்கிற தடித்த வயரைத்தான் காவல் காக்கிறது. தரையில் கிடக்கிற உங்கள் மெல்லிய எக்ஸ்டென்ஷன் அதற்குத் தெரியாது. அந்த பிளக்குக்குள் இருக்கிற 13 ஆம்ப் பியூஸும் 16 ஆம்புக்கு உடனே அறுந்துவிடாது, வெகுநேரம் தாங்கும். அதற்குள் வயர் கொதிக்கும். சுருட்டி வைத்த வயர் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். ஆகவே கேத்தல், அயர்ன், ரைஸ் குக்கர் மாதிரி சூடு போடுகிற சாமான்களை நேராகச் சுவர் சோக்கெட்டில் குத்துங்கள். ஒரு நேரத்துக்கு ஒன்று.

இரண்டாவது ஜாகா: ஆளைக் காப்பவர்

இதுதான் முக்கியம். கவனமாகப் படியுங்கள். வீட்டில் படிக்கத் தெரியாதவர் இருந்தால் படித்துச் சொல்லுங்கள்.

அந்த அக்காவை அடித்தபோது எம்.சி.பி. ஏன் விழவில்லை? ஏனென்றால் மனிதனைக் கொல்ல அதிகக் கரண்டு வேண்டியதில்லை. ஒரு ஆம்பை ஆயிரம் பங்காகப் பிரித்தால் ஒரு பங்குக்கு மில்லி ஆம்ப் என்று பெயர். பத்துப் பங்கு உடம்பில் ஓடினாலே பிடித்த கையை விட முடியாமல் போகலாம். முப்பதைத் தாண்டி நீடித்தால் மூச்சு அடைக்கும். ஐம்பது, நூறு என்று போனால் நெஞ்சு தாறுமாறாகத் துடித்து நின்றுவிடும். எம்.சி.பி.யோ 20 ஆம்ப் வரை பொறுமையாக இருக்கும். 20 ஆம்ப் என்றால் 20,000 மில்லி ஆம்ப்! ஒரு ஆளைப் பல தடவை கொல்லக்கூடிய கரண்டு ஓடினாலும் முதல் ஜாகாவுக்கு அது ஒரு கணக்கே இல்லை. அவர் வயருக்குக் காவல். நமக்கு அல்ல.

நமக்குக் காவல் இரண்டாவது ஜாகா. அவர் பெயர் ஆர்.சி.சி.பி. பழைய பழக்கத்தில் இ.எல்.சி.பி. என்றும் சொல்வார்கள். பெட்டியில் மற்ற சுவிட்சுகளைவிட அகலமாக இருக்கும். முகத்தில் ஒரு சின்ன பட்டன் இருக்கும். அதுதான் அடையாளம்.

அவர் வேலை என்ன? பெரட்டில் கிராணி பேர் கூப்பிடுவது மாதிரி. காலையில் நாற்பது பேர் காட்டுக்குப் போனார்கள். சாயங்காலம் நாற்பது பேர் திரும்ப வேண்டும். முப்பத்தொன்பது பேர் வந்தால், ஒருவர் எங்கே என்று கேட்க வேண்டும் அல்லவா? கரண்டும் அப்படித்தான். சிவப்பு வயரில் வீட்டுக்குள் போன கரண்டு முழுவதும் கறுப்பு வயரில் திரும்பி வர வேண்டும். குறைந்தால், வேறு எங்கேயோ ஒழுகிப் போகிறது என்று அர்த்தம். நனைந்த சுவர் வழியாகப் போகலாம். ஒரு மனிதன் உடம்பு வழியாகவும் போகலாம். ஆர்.சி.சி.பி. கேள்வி கேட்டுக்கொண்டு நிற்காது. கண் இமைக்கும் நேரத்தில் கரண்டை வெட்டிவிடும்.

அதன் முகத்தில் ஒரு எண் இருக்கும். 0.03 என்றால் 30 மில்லி ஆம்ப். 0.1 என்றால் 100. எண் குறையக் குறைய ஜாகாவுக்குக் காது கூர்மை. நம் நாட்டு எரிசக்தி ஆணையத்தின் வீட்டு வயரிங் வழிகாட்டி, கையில் பிடித்து வேலை செய்கிற சாமான்களுக்கான சோக்கெட்டுகளுக்கு 30-ம், குளியலறைச் சுடுதண்ணீர் ஹீட்டருக்கு 10-ம் கேட்கிறது. நூறு மட்டுமே உள்ள பழைய பெட்டி நெருப்பைத் தடுக்க உதவும். ஆளைக் காக்க அதை நம்பிவிட முடியாது. உங்கள் பெட்டியில் என்ன எண் என்று இன்றைக்கே பாருங்கள்.

அந்தச் சின்ன பட்டன் எதற்கு? ஜாகா விழித்திருக்கிறாரா என்று தட்டிப் பார்க்கத்தான். மாதத்துக்கு ஒரு தடவை, சம்பள நாளில் என்று வைத்துக்கொள்ளுங்கள், மறக்காது. பட்டனை அமுக்குங்கள். இரண்டு காரியம் நடக்க வேண்டும். ஒன்று, சுவிட்ச் 'டக்'கென்று விழ வேண்டும். இரண்டு, அதன் காவலில் உள்ள விளக்கு, ஃபேன், சோக்கெட் எல்லாம் நிற்க வேண்டும். சுவிட்ச் விழாவிட்டால் ஜாகா செத்துவிட்டார் என்று அர்த்தம். சுவிட்ச் விழுந்தும் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தால், யாரோ குறுக்கே வயர் போட்டு அவரைக் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று சந்தேகப்படுங்கள். இரண்டுக்கும் உடனே லைசென்ஸ் உள்ள வயர்மேனைக் கூப்பிட வேண்டும்.

சும்மா சும்மா விழுகிறதே, என்ன செய்வது? பக்கத்தில் இடி விழுந்தால் ஒரு தடவை விழலாம். தூக்கி விட்டால் நின்றுவிடும், பயமில்லை. திரும்பத் திரும்ப விழுந்தால் இப்படித் தேடுங்கள்:

வீட்டில் உள்ள எல்லா பிளக்கையும் பிடுங்கி விடுங்கள். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது, பிடுங்க வேண்டும். இப்போது ஆர்.சி.சி.பி.யைத் தூக்கிப் பாருங்கள். நின்றால், ஒவ்வொரு சாமானாகக் குத்துங்கள். எதைக் குத்தும்போது விழுகிறதோ அதுதான் குற்றவாளி. அதை ஒதுக்கி வையுங்கள்.

எல்லாம் பிடுங்கியும் விழுந்தால், எம்.சி.பி.கள் எல்லாவற்றையும் இறக்கிவிட்டு ஆர்.சி.சி.பி.யைத் தூக்குங்கள். பிறகு ஒவ்வொன்றாக எம்.சி.பி.யை ஏற்றுங்கள். எது ஏறும்போது விழுகிறதோ, அந்த வயரில் கோளாறு. அதை மட்டும் இறக்கி வைத்துவிட்டு வயர்மேன் வரும்வரை மற்றதை உபயோகிக்கலாம். எப்படியும் நிற்காவிட்டால் மெயினை இறக்கிவிட்டு இருட்டில் இருங்கள். ஒரு ராத்திரி இருட்டு யாரையும் கொல்லாது.

ஒரு எச்சரிக்கை. இந்த ஜாகாவை நம்பி வயரை வெறும் கையால் பிடிக்கலாம் என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கையில் சிவப்பும் மறு கையில் கறுப்பும் பட்டால், போன கரண்டு உங்கள் உடம்பு வழியாகவே கணக்காகத் திரும்பி வந்துவிடும். நாற்பது பேர் போனார்கள், நாற்பது பேர் வந்தார்கள். கிராணிக்குச் சந்தேகமே வராது. சுவிட்ச் விழாது.

பச்சை வயரையும் மறக்காதீர்கள். அதுதான் எர்த். உடைந்த பிளக்கை மாற்றும்போது 'இது தேவையில்லை' என்று பச்சை-மஞ்சள் வயரை வெட்டி எறிகிறவர்கள் இருக்கிறார்கள். மெஷின் உடம்பில் கரண்டு ஏறினால் அதைத் தரைக்குக் கொண்டுபோய், ஜாகாவைக் கூப்பிடுகிற வழி அது. அதை வெட்டினால் அந்த வழி நம் உடம்புதான்.

மூன்றாவது ஜாகா: வேலை செய்கிறவரைக் காப்பவர்

மூன்றாவது ஜாகா தானாக எதுவும் செய்யமாட்டார். நாம் சொன்னால்தான் செய்வார். அவர்தான் மெயின் சுவிட்ச். சிவப்பையும் கறுப்பையும் ஒரே நேரத்தில் வெட்டி, வீட்டு வயரிங்கைக் கரண்டிலிருந்து தனியாகப் பிரித்து வைப்பார். சுடுதண்ணீர் ஹீட்டருக்குக் குளியலறைக்கு வெளியே வைக்கிற பெரிய சுவிட்சும் இந்தச் சாதிதான்.

'பல்பு மாற்ற மெயினை ஏன் இறக்க வேண்டும், விளக்கு சுவிட்சை அணைத்தால் போதாதா?' என்று கேட்பவர் உண்டு. விளக்கு சுவிட்ச் ஒரு வயரைத்தான் வெட்டும். முன்பு வேலை செய்தவர் சிவப்பையும் கறுப்பையும் மாற்றிக் கொடுத்திருந்தால், சுவிட்ச் அணைந்திருந்தாலும் பல்பு ஹோல்டரில் கரண்டு இருக்கும். பழைய லயங்களில் எத்தனை கை பட்ட வயரிங் என்று யாருக்குத் தெரியும்?

மெயினை இறக்கினால் மட்டும் போதுமா? அதுவும் போதாது. அப்பா ஏணியில் ஏறி ஹோல்டரைக் கழற்றிக்கொண்டிருக்கிறார். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளை வருகிறான். டிவி போட்டால் வரவில்லை. பெட்டியைப் பார்க்கிறான், மெயின் விழுந்து கிடக்கிறது. நாற்காலியில் ஏறித் தூக்கி விடுகிறான். பிள்ளை மேல் குற்றமில்லை. சொல்லாதவர் குற்றம்.

ஆகவே நாலு காரியம் செய்யுங்கள். மெயினை இறக்குங்கள். பெட்டியை மூடி, 'தூக்காதே, அப்பா வேலை செய்கிறார்' என்று காகிதத்தில் எழுதி ஒட்டுங்கள். ஒரு பெரிய ஆளைப் பெட்டி அருகில் நிறுத்துங்கள். பிறகு விளக்கு, ஃபேன் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, ஒன்றும் ஓடவில்லை என்று உறுதி செய்த பிறகே ஏணியில் கால் வையுங்கள். டெஸ்ட் பேனா வைத்திருந்தால், அதை முதலில் கரண்டு இருக்கிற சோக்கெட்டில் வைத்து எரிகிறதா என்று பாருங்கள். செத்துப்போன டெஸ்ட் பேனா எரியாததைப் பார்த்து, கரண்டு இல்லை என்று நம்பிக் கை வைத்தால் ஆபத்து.

இன்னொன்று. மெயினை இறக்கினாலும், மீட்டரிலிருந்து மெயினுக்கு வருகிற வயரில் கரண்டு இருந்துகொண்டேதான் இருக்கும். அந்தப் பக்கம் கை வைக்கவே கூடாது. சீல் வைத்த பெட்டியை உடைக்கக் கூடாது. அது கரண்டு கொடுக்கிறவர்களின் வேலை.

யார் செய்ய வேண்டிய வேலை?

பல்பு மாற்றலாம். பட்டன் அமுக்கிப் பார்க்கலாம். தோல் உரிந்த எக்ஸ்டென்ஷனைத் தூக்கி எறியலாம். அதற்கு மேல், பெட்டியைக் கழற்றுவதும் சுவருக்குள் வயர் இழுப்பதும் புது சோக்கெட் வைப்பதும் லைசென்ஸ் உள்ளவர்களின் வேலை. 1994-ஆம் ஆண்டு மின்சார ஒழுங்குமுறைகள் அதைத்தான் சொல்கின்றன. புது வயரிங் முடிந்தால் 'பாரம் ஜி', 'பாரம் எச்' என்று இரண்டு சான்றிதழ் உண்டு. வேலையை மேற்பார்த்தவரும் சோதித்தவரும் கையெழுத்துப் போடுவது. சொந்த வீடு வாங்கித் தாமானுக்குப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்கிப் பத்திரமாக வையுங்கள்.

சரி, தோட்ட வீட்டில் இருப்பவர்கள் என்ன செய்வது? 'வயர்மேனைக் கூப்பிடக் காசு எங்கே சார்?' என்று அந்த அண்ணனும் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் அந்தச் செலவு அவர் தலையில் விழ வேண்டியதே இல்லை. தொழிலாளிக்கு வீடு கொடுக்கிற முதலாளி, தண்ணீரும் கரண்டும் போதுமான அளவு கொடுத்து, கட்டடத்தை நல்ல நிலையில் வைத்திருக்க வேண்டும் என்பது 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம், 446-ஆம் சட்டம், விதித்த கடமை. பழைய பெட்டி, செத்துப்போன ஆர்.சி.சி.பி., ஆணி வைத்த பியூஸ், இவையெல்லாம் ஒழுகுகிற கூரை மாதிரித்தான். பழுது பார்க்கச் சொல்லிக் கேட்பது பிச்சை அல்ல.

கேட்கிற விதமாகக் கேளுங்கள். ஆபீஸ் வாசலில் வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டு வந்தால் காற்றோடு போய்விடும். ஒரு தாளில் தேதி, வீட்டு நம்பர், என்ன கோளாறு என்று எழுதிக் கொடுங்கள். நகல் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வீடு கேட்பதைவிட, லயமே சேர்ந்து கேட்டால் பலம். பதில் இல்லாவிட்டால் சங்கக் கிளையிடம் சொல்லுங்கள். அதற்கும் மேலே தொழிலாளர் இலாகா இருக்கிறது.

நம் பக்கத்துக் குறையையும் சொல்லத்தான் வேண்டும். நாமாக இழுத்துக் கட்டிய தகரக் குசினிக்கு நாமாக இழுத்த வயர், நிர்வாகத்தின் வயர் அல்ல. அதில் ஆபத்து வந்தால் விரல் நம்மை நோக்கித்தான் நீளும். முறையாகக் கேட்டு, முறையாக வயர் போட்டுக்கொள்வதே நல்லது.

ஒருவேளை அடித்துவிட்டால்...

யாரையாவது கரண்டு பிடித்துக்கொண்டால், பாசத்தில் ஓடிப்போய்த் தொட்டுவிடாதீர்கள். ஒருவருக்கு இருவராகப் போய்விடும். முதலில் மெயினை இறக்குங்கள். பெட்டி எங்கே இருக்கிறது, எந்த சுவிட்ச் மெயின் என்று வீட்டில் பத்து வயதுப் பிள்ளைக்கும் தெரிந்திருக்க வேண்டும். மெயின் எட்டாத இடமானால், காய்ந்த கட்டையால், காய்ந்த இடத்தில் நின்றுகொண்டு, வயரை விலக்குங்கள். 999-க்கு அடியுங்கள். மூச்சு இல்லாவிட்டால் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, நிமிடத்துக்கு நூறு தடவைக்குக் குறையாமல் பலமாக அமுக்கிக்கொண்டே இருங்கள். உதவி வரும்வரை நிறுத்தாதீர்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டாலும் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள். நெஞ்சுக்குள் என்ன நடந்தது என்று வெளியே தெரியாது. வெளியே கம்பத்திலிருந்து வயர் அறுந்து கிடந்தால் கிட்டே போகவே வேண்டாம். பிள்ளைகளைத் தள்ளி நிறுத்திவிட்டு, தெனாகாவின் 15454-க்குச் சொல்லுங்கள்.

அந்த வீட்டுக்குத் திரும்ப வருவோம். அன்றைக்கே அறுந்த எக்ஸ்டென்ஷனை அண்ணன் துண்டு துண்டாக வெட்டி எறிந்தார். யாரும் எடுத்து மறுபடி ஒட்டிவிடக் கூடாதே என்றுதான். மெயினை இறக்கியது இறக்கியபடி இருந்தது. மறுநாள் நிர்வாகத்துக்கு எழுதிக் கொடுத்தார். வயர்மேன் வர மூன்று நாள் ஆயிற்று. மூன்று ராத்திரியும் மெழுகுவர்த்திதான். நாலாம் நாள் குறுக்கு வயரைக் கழற்றி, ஆர்.சி.சி.பி.யைச் சோதித்து, பின்பக்கத்துக்கு முறையாக ஒரு சோக்கெட் வைத்துக் கொடுத்தார்கள். அன்று சாயங்காலமே நல்ல மழை. சுவிட்ச் விழவில்லை. வயர் போட்டுக் கொடுத்த அந்தத் தம்பியே வந்து பட்டனை அமுக்கிப் பார்த்தானாம். 'டக்'கென்று விழுந்து வீடே இருட்டானபோது, அக்கா சிரித்தாராம்.

அன்பர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னே ஐந்து நிமிடம் ஒதுக்குங்கள். வீட்டில் எல்லோரையும் பெட்டிக்கு முன்னால் கூப்பிடுங்கள். மெயின் எது, ஆர்.சி.சி.பி. எது, எம்.சி.பி. எது என்று காட்டுங்கள். பட்டனை அமுக்கிப் பாருங்கள். விழுந்தால் நிம்மதியாகத் தூக்கி விட்டுச் சாப்பிடப் போங்கள். விழாவிட்டால் திங்கட்கிழமை காலையில் எழுத வேண்டிய கடிதம் ஒன்று உங்களுக்கு இருக்கிறது.